கப் ஸ்லீவ் நிகழ்வு நடத்த ஒரு முழு வழிகாட்டி: முதலில் கஃபே, அப்புறம் கப், படம் கடைசியில்

பிறந்தநாள் கஃபே என்பது சியோல் ரசிகர்கள் தொடங்கிவைத்த வேலை. ஐடல் (கே-பாப் எனும் கொரிய பாப் இசைப் பாடகர்) ஒருவரின் பிறந்தநாள் நெருங்கினால் சியோலின் ஹோங்டே, ஹப்ஜோங் பக்கம் ஒரு கஃபேயைப் பேசிப் பிடித்துச் சுவரெல்லாம் படம் ஒட்டுவார்கள். பானம் வாங்குகிறவர்களுக்கு அவர் படம் அச்சிட்ட காகித உறையைக் கப்பில் மாட்டிக் கொடுப்பார்கள். ஐடலை நிர்வகிக்கும் ஏஜென்சி தருவது ஒன்றுமில்லை, எல்லாம் ரசிகர்களின் கைக்காசு. மணிலா, ஜகார்த்தா, பாங்காக், கோலாலம்பூர் ரசிகர்கள் இதை எடுத்துக்கொண்டு 'கப் ஸ்லீவ் ஈவென்ட்' ஆக்கிவிட்டார்கள். நம் ஊரிலும் நடக்கிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே கேன்வா என்ற டிசைன் செயலியைத் திறந்து ஸ்லீவ் டிசைன் போட உட்கார்ந்துவிடுகிறார்கள். கஃபே முடிவாகவில்லை, அந்தக் கடையின் கப் என்ன அளவு என்று தெரியாது, எத்தனை பேர் வருவார்கள் என்றும் தெரியாது, ஆனால் டிசைன் மட்டும் அழகாகத் தயார். பிறகு கப்பில் ஏறாத ஸ்லீவை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். தேவைப்பட்டால் ஒரு படியைச் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் முன்பின்னாக்க வேண்டாம்.

1. ஆரம்பிக்கும் முன் கையில் என்ன வேண்டும்

இரண்டு மாத அவகாசம், 18 வயது நிரம்பிய நான்கைந்து பேர், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த வருடம் வேறு யாராவது நடத்தும் நிகழ்வில் தன்னார்வலராகப் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

வயதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கஃபேக்காரர் முன்பணம் கேட்பார், அச்சகத்தில் பில் போட வேண்டும், கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்தால் பொறுப்பாக நிற்க ஆள் வேண்டும். பள்ளி மாணவர்கள் டிசைன் செய்யட்டும், பேட்ஜ் குத்தட்டும், பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வேலையைப் பிரிக்கும்போது கடையோடு பேசுவதற்கு ஒரே ஒரு ஆள் என்று வையுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினால் கஃபேக்காரர் யார் சொன்னதையும் நம்ப மாட்டார்.

2. தேதி

பிறந்தநாள் அன்றேதான் நடத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய சனி, ஞாயிறு நல்லது. பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரம் என்றால் ஆர்வம் பாதியாகிவிடும், ஆன்லைனில் பேச்சும் அடங்கியிருக்கும்.

அடுத்து உள்ளூர் நாட்காட்டியைப் பாருங்கள். கே-பாப் குழுவான பிடிஎஸ்ஸின் சுகாவுக்குப் பிறந்தநாள் மார்ச் 9, தமிழ்நாட்டில் அது பொதுத்தேர்வுக் காலம். ரசிகர்களில் பாதிப் பேர் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள், வீட்டை விட்டு வெளியே விடவே மாட்டார்கள். அதே குழுவின் ஜின்னுக்கு டிசம்பர் 4. 2023-ல் அதே தேதியில்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிக் கிடந்தது. டிசம்பர் நிகழ்வு என்றால் மாற்றுத் தேதி ஒன்றைக் கஃபேயிடம் முன்கூட்டியே வாய்விட்டுக் கேட்டு வையுங்கள். இன்னொரு உறுப்பினர் வி-யின் பிறந்தநாள் டிசம்பர் 30, ஆண்டு இறுதி, கஃபேக்களுக்கு நல்ல வியாபாரம் நடக்கும் நேரம். அப்போது உங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்க யோசிப்பார்கள்.

அதே ஊரில் அதே ஐடலுக்கு வேறு குழு ஏதாவது நடத்துகிறதா என்பதையும் இந்தப் படியிலேயே விசாரித்துவிடுங்கள். இருந்தால் சேர்ந்து செய்வது உத்தமம். கூட்டம் பிரிந்தால் இரண்டு கஃபேக்காரர்களுக்கும் நஷ்டம், அடுத்த முறை இருவருமே கதவைச் சாத்திவிடுவார்கள்.

3. பணம்

நடத்துகிறவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு ஆரம்பிப்பதுதான் சுத்தமான வழி. வெளியே வசூலிக்கத் தொடங்கினால் கணக்கு சொல்லும் கடமையும் கூடவே தொடங்கிவிடும்.

வசூலித்தே ஆக வேண்டும் என்றால் முதல் ரூபாய் வரும் முன்பே ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். வரவு, செலவு, பில் படம் மூன்றும் அன்றன்றைக்கே ஏற வேண்டும். கடைசியில் மொத்தமாகப் போடலாம் என்று நினைத்தால் முடியாது, எந்த யுபிஐ வரவு யாருடையது என்பது இரண்டு வாரத்தில் மறந்துவிடும். உங்கள் சம்பளம் வருகிற கணக்கில் வாங்காதீர்கள். காலியாகக் கிடக்கும் சேமிப்புக் கணக்கு ஒன்றை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய அளவில் என்ன ஆகும் என்பதற்கு 2021-ல் சீனாவில் நடந்ததே போதும். பிடிஎஸ் ஜிமின் பிறந்தநாளுக்காக அங்குள்ள ரசிகர்கள் சில நிமிடங்களில் 10 லட்சம் யுவானுக்கு மேல் திரட்டி, ஒரு விமானம் முழுக்க அவர் படத்தைப் போட்டார்கள். சட்டவிரோத நிதி திரட்டல் என்று சொல்லி சீனச் சமூக வலைத்தளமான வெய்போ அந்த ரசிகர் கணக்கை 60 நாள் முடக்கியது, கூடவே வேறு கே-பாப் ரசிகர் கணக்குகள் 21-ஐ 30 நாள் நிறுத்திவைத்தது. நம் தொகை அதில் தூசு, சரி. ஆனால் 'பணம் எங்கே போச்சு' என்ற ஒரு ட்வீட் போதும், உங்கள் குழுவின் பெயர் கெட்டுவிடும்.

இன்னொன்று, ஸ்லீவையோ ஃப்ரீபியையோ (கூடவே கொடுக்கும் ஸ்டிக்கர், அட்டை மாதிரியான இலவசப் பொருள்) விற்காதீர்கள். பானம் வாங்கினால் இலவசம், அவ்வளவுதான். ஏன் என்பதை 6-வது படியில் சொல்கிறேன்.

4. கஃபே

சின்னக் கடை, உரிமையாளரே கல்லாவில் உட்காரும் கடை. சங்கிலிக் கடைகளில் கிளை மேலாளருக்கு ஆசை இருந்தாலும் தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்குவதற்குள் பிறந்தநாள் போய்விடும்.

மாலைக் கூட்டத்தில் போய்ப் பேசாதீர்கள். காலை பதினொரு மணி வாக்கில், கடை காலியாக இருக்கும்போது போங்கள். போனதும் ஏதாவது வாங்கிக் குடியுங்கள். முதலில் கே-பாப் என்றால் என்ன என்று விளக்கத் தொடங்கினால் அவர் கவனம் போய்விடும். வியாபாரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் சொதப்புவார்கள். "அண்ணா, நூறு பேர் வருவாங்க" என்று உற்சாகமாகச் சொல்வார்கள். அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தால், வருவது இந்தக் கேள்விதான்: "நூறு பேரும் ஒரு கோல்ட் காபி வாங்கிட்டு மூணு மணி நேரம் உட்கார்ந்துட்டா, என் ரெகுலர் கஸ்டமர் எங்கம்மா உட்காருவார்?" நியாயமான கேள்வி. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: ஒரு மணி நேர ஸ்லாட், ஸ்லாட்டுக்கு நாற்காலி எண்ணிக்கையில் முக்கால் பங்கு பேர், ஆளுக்குக் குறைந்தது ஒரு பானம், வழக்கமான வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மேசை தொடாமல் விடுவோம்.

பேசி முடித்ததை அன்றைக்கே வாட்ஸ்ஆப்பில் எழுதி அவர் 'ஓகே' போடும்வரை விடாதீர்கள். தேதி, நேரம், முன்பணம், மெனுவில் எந்தெந்தப் பானம், சுவரில் எதை வைத்து ஒட்டலாம், பாட்டு யார் போடுவது, கடையில் பாட்டு போட உரிமம் இருக்கிறதா, கழிப்பறை எத்தனை. கழிப்பறையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், அன்றைக்கு அதுதான் பெரிய பிரச்சினையாகும்.

கிளம்பும்போது காலிக் கப் மூன்று கேட்டு வாங்கி வாருங்கள். சூடான பானத்துக்கு ஒன்று, குளிர்பானத்துக்கு இரண்டு.

5. கப்பை அளப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நிதானமாகப் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

16 அவுன்ஸ் கப் என்று சொன்னால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. அது கொள்ளளவு மட்டும்தான். ஒரு கடையின் கப்பில் மேல்வாய் 90 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்றில் 95, மற்றொன்றில் 98. சரிவும் வேறு வேறு. நெட்டில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை நம்பி அச்சடித்தால் ஒன்று பாதியில் நின்றுவிடும், இல்லை நழுவி அடியில் விழும்.

கப் மேலே அகலம், கீழே குறுகல். அதனால் ஸ்லீவ் நேரான பட்டையாக இருக்கக் கூடாது, வளைந்த வில் போல இருக்க வேண்டும். நேர்ப்பட்டையைச் சுற்றினால் மேல் விளிம்பு கப்பை இறுக்கும், கீழ் விளிம்பு விலகி நிற்கும்.

வளைவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்தக் கடையிலேயே பழுப்பு நிற ஸ்லீவ் இருந்தால் ஒன்றை வாங்கி, ஒட்டிய இடத்தை நகத்தால் மெல்லப் பிரித்து, விரித்து ஸ்கேன் செய்துவிடுங்கள். அதுதான் உங்கள் டெம்ப்ளேட். கடையில் ஸ்லீவ் இல்லையென்றால் மெல்லிய தாள் ஒன்றைக் கப்பில் சுருக்கம் இல்லாமல் சுற்றி, டேப் போட்டு, ஸ்லீவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எங்கே வர வேண்டுமோ அங்கே கப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுத்து, பிரித்து வெட்டுங்கள். ஒட்டுவதற்கு ஒரு பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

பிறகு அந்த வடிவத்தைச் சாதாரண சார்ட் அட்டையில் வெட்டி ஒட்டி, கப்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, இருபது நிமிடம் மேசையில் வைத்துவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். கப் வியர்த்து, ஸ்லீவ் நனைந்து நழுவுகிறதா, ஒட்டு விடுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். காலிக் கப்பில் பொருந்திவிட்டது என்று அச்சுக்கு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். நம் ஊர் வெயிலில் வருகிற கூட்டம் சூடாகக் காபி குடிக்காது, எல்லாரும் ஐஸ்தான் கேட்பார்கள்.

6. படம், உரிமை

இப்போது டிசைன் போடலாம்.

உள்ளூர் ரசிக ஓவியர் ஒருவரிடம் புதிதாக வரையச் சொல்லி, அதற்குக் காசும் கொடுத்து, ஸ்லீவிலேயே அவர் கணக்கின் பெயரைப் போடுவதுதான் தலைவலி இல்லாத வழி. வேறு எங்கும் கிடைக்காத படம் என்பதால் வருகிறவர்களும் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

ஃபேன்சைட் (ஐடலைப் படமெடுத்து வெளியிடும் ரசிகர் கணக்கு) புகைப்படம் என்றால் அதை எடுத்தவர் போட்டிருக்கும் நிபந்தனையைப் படியுங்கள். பெரும்பாலும் லோகோவை வெட்டாதே, திருத்தாதே, வணிகத்துக்குப் பயன்படுத்தாதே என்றுதான் இருக்கும். செய்தி அனுப்பி அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏஜென்சியின் அதிகாரபூர்வப் படங்கள், லோகோக்கள் அவர்கள் சொத்து. பிரபலங்களின் முகம், பெயர் ஆகியவற்றின் வணிக மதிப்பைக் காக்க கொரியாவில் நியாயமற்ற போட்டித் தடுப்புச் சட்டத்தையே திருத்தினார்கள், 2022-ல் அது அமலுக்கு வந்தது. ரசிகர்கள் இலவசமாகக் கொடுப்பதைப் பெரும்பாலும் கண்டும் காணாமல் விடுகிறார்கள், ஆனால் விற்கத் தொடங்கினால் நீங்கள் வியாபாரி. அதனால்தான் விற்காதீர்கள் என்றேன்.

கஃபேயின் சொந்த விளம்பரத்தில் ஐடல் முகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் நல்ல எண்ணத்தில், தன் லோகோவுக்குப் பக்கத்தில் அந்த முகத்தைப் போட்டு ஆஃபர் போஸ்டர் அடித்துவிடுவார். பார்க்கிறவருக்கு அந்த ஐடல் இந்தக் கடைக்கு விளம்பரத் தூதர் போலத் தெரியும். இதை வாட்ஸ்ஆப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

7. அச்சு

250 முதல் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்கான அளவு) வரை ஆர்ட் கார்டு, வெளிப்பக்கம் மேட் லேமினேஷன். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் வேண்டாம், ஈரம் பட்டதும் மை விரலில் வரும்.

ஒட்டுகிற பகுதியில் லேமினேஷனும் மையும் வேண்டாம் என்று அச்சகத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். வழவழப்பான பரப்பில் பசை பிடிக்காது. ஓரத்தில் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நீளும் படம்) விடுங்கள், எழுத்துகளை விளிம்பிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி வையுங்கள், ஏனென்றால் வளைவாக வெட்டும்போது அட்டை கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

பிடிஎஸ் என்றாலே ஊதா. திரையில் பளீரென்று தெரியும் ஊதா அச்சில் மந்தமாக, சில சமயம் நீலமாக வந்து நிற்கும். திரை வேறு முறையில் நிறம் காட்டுகிறது, அச்சு சிஎம்ஒய்கே என்ற நான்கு நிற மையில் ஓடுகிறது, அந்தப் பளபளப்பு மையில் கிடையாது. முழு ஆர்டருக்கு முன் ஒரே ஒரு தாள் புரூஃப் (மாதிரி அச்சு) எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சகத்துக்காரர் "அப்படியேதான் வரும்மா" என்பார். பரவாயில்லை, எடுங்கள்.

வளைவாக வெட்ட டை (அந்த வடிவத்திலேயே வெட்டும் அச்சு) செய்ய வேண்டும். அந்தச் செலவு நூறு ஸ்லீவுக்கும் ஒன்றுதான், முந்நூறுக்கும் ஒன்றுதான், அதனால் ஸ்லீவில் எண்ணிக்கையைக் கூட்டுவது அவ்வளவு வலிக்காது. போட்டோகார்டு (ரசிகர்கள் சேகரிக்கும் சின்னப் பட அட்டை) 55-க்கு 85 மில்லிமீட்டர், அதில் புதுமை செய்ய வேண்டாம். அட்டைகளைச் செருகி வைக்கும் பைண்டர் எல்லாரிடமும் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

8. எத்தனை அடிப்பது

ஸ்லீவ் எல்லாருக்கும் உண்டு, போட்டோகார்டு, ஸ்டிக்கர் அடங்கிய செட் முதலில் வருகிற இத்தனை பேருக்கு மட்டும் என்று இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். கூகுள் ஃபார்மில் 'வருகிறேன்' என்று போட்டவர்கள் எல்லாரும் வருவதில்லை, போடாதவர்கள் தோழிகளோடு வந்து நிற்பார்கள். செட்டுக்கு ஃபார்ம் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஸ்லீவில் தாராளமாக இருங்கள்.

ஸ்லீவில் ஒரு கட்டைத் தனியாக எடுத்து 'ரெகுலர்' என்று எழுதி வையுங்கள். எதற்கு என்று அடுத்த படியில்.

9. ரசிகர் அல்லாதவருக்கு ஒரு மேசை

பெரும்பாலான குழுக்கள் இந்தப் படியையே விட்டுவிடுகின்றன. என்னைக் கேட்டால் இது இல்லாத நிகழ்வு வெறும் பிறந்தநாள் பார்ட்டி, அதனால் கொரியப் பாட்டு ஒரு ஆளுக்குக்கூடப் புதிதாகப் போய்ச் சேராது.

அன்றைக்கு அந்தக் கடைக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள்: ரசிகர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, அப்பா, அண்ணன், அப்புறம் எதுவும் தெரியாமல் வழக்கம்போலக் காபி குடிக்க வந்தவர். பின்னால் சொன்ன இரண்டு வகையினரிடம் யாரும் பேசுவதே இல்லை. அந்த அம்மா மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள் அறைச் சுவரில் இருக்கிற அந்தப் பையன் யார் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

வாசல் பக்கம் ஒரு மேசை, தமிழில் ஒரு பக்க அட்டை: இவர் யார், எந்தக் குழு, எப்போது அறிமுகமானார்கள், முதலில் கேட்க மூன்று பாட்டு, க்யூஆர் கோடு. 'ரெகுலர்' கட்டிலிருந்து காபி வாங்க வந்தவருக்கும் ஒரு ஸ்லீவ். கொரிய மொழி எங்கே கற்கலாம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்த ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். சென்னையில் என்றால் 2006 முதல் இயங்கும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ சென்டர் இருக்கிறது. மேசைக்கு ஆள் போடும்போது குழுவிலேயே பொறுமைசாலியைப் போடுங்கள். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்களே" என்று கேட்டால் சண்டைக்குப் போகிறவர் வேண்டாம்.

பாங்காக் ரசிகர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ரயில் நிலைய விளம்பரப் பலகைகளுக்குக் கொட்டிக்கொண்டிருந்த பணத்தில் ஒரு பங்கை 2021 வாக்கில் டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) வண்டிகளின் பக்கம் திருப்பினார்கள். கொரோனாவில் சவாரி இல்லாமல் கிடந்த ஓட்டுநர்களுக்கு வருமானம், ஐடல் முகமோ தெருத் தெருவாகச் சுற்றியது.

10. அறிவிப்பு

போஸ்டரில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், இடம், என்ன வாங்கினால் என்ன கிடைக்கும், எத்தனை பேருக்கு, 'ரசிகர்கள் நடத்துவது, ஏஜென்சிக்குத் தொடர்பில்லை' என்ற வரி. முடியும் நேரத்தைப் பெரிதாகப் போடுங்கள். மாலை ஆறரைக்குள் முடியும் என்று தெரிந்தால்தான் பல வீடுகளில் பெண் பிள்ளைகளை அனுப்புவார்கள்.

கொரிய நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு 12 என்றால் இங்கே முந்தைய நாள் இரவு 8.30. பிறந்தநாள் ஹேஷ்டேக் அப்போதுதான் கிளம்பும். நிகழ்வின் படங்களை அந்த நேரத்துக்குத் தயாராக வைத்து, ஊர் பெயரை ஹங்குல் எனும் கொரிய எழுத்திலும் போட்டு வெளியிடுங்கள். கொரிய ரசிகர்கள் தேடுவது அந்த எழுத்தில்தான். புது ஹேஷ்டேக் கண்டுபிடிக்காதீர்கள், உலகம் முழுக்க ஓடுகிறதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்.

11. அன்றைக்கு

ஸ்லீவ்களை முந்தைய இரவே ஒட்டி முடித்திருக்க வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நின்று, பில்லைப் பார்த்து ஸ்லீவையும் செட்டையும் கொடுக்கட்டும். காபி போடுகிறவரிடம் அந்த வேலையைத் தள்ளினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.

ரேண்டம் பிளே டான்ஸ் (எந்தப் பாட்டு வந்தாலும் தெரிந்தவர்கள் ஓடி வந்து ஆடுவது) கேட்பார்கள். சின்னக் கடையில் வேண்டவே வேண்டாம், யாராவது ஒரு தட்டைத் தள்ளிவிடுவார்கள். பெரிய இடமாக இருந்தால் கடைசி அரை மணி நேரம்.

யாருடைய முகத்தையும் கேட்காமல் வீடியோவில் போடாதீர்கள். வீட்டில் சொல்லாமல் வந்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

12. முடிந்த பிறகு

டேப்பை எல்லாம் உரித்து, மேசைகளைப் பழைய இடத்தில் போட்டு, பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் குழுப் படம். மூன்று நாளுக்குள் கணக்கை மூடுங்கள். மிச்சப் பணத்தை நன்கொடையாகத் தருவதாகச் சொல்லியிருந்தால், நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்பி ரசீதைப் போடுங்கள். 2020 ஜூனில் அமெரிக்காவின் இனவெறி எதிர்ப்பு இயக்கமான பிளாக் லைவ்ஸ் மேட்டருக்கு பிடிஎஸ் கொடுத்த 10 லட்சம் டாலருக்கு ஈடாக ரசிகர்களும் ஏறக்குறைய ஒரே நாளில் அதே அளவு திரட்டினார்களே, வசூல் ஏறுவதை எல்லாரும் கண்ணால் பார்க்க முடிந்ததும் அது அவ்வளவு வேகமாகச் சேர்ந்ததற்கு ஒரு காரணம்.

மிஞ்சிய ஸ்லீவ்களை மதுரை, கோவை என்று வேறு ஊர்களில் நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், அவர்கள் கப்புக்குப் பொருந்தாவிட்டாலும் சுவரில் ஒட்ட ஆகும்.

டையை அச்சகத்தில் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கி வையுங்கள், காசு கொடுத்தது நீங்கள்தான். அடுத்த முறையும் அதே கஃபே என்றால் அந்தச் செலவு மிச்சம். கடைக்காரர் இதற்கிடையில் கப் வாங்கும் இடத்தை மாற்றிவிட்டாரா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.